மிச்சில் உண்பவள்

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்து, மலையுச்சியில் 11 நாள் எரிந்த தீபமும் அணைந்தபின், திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்கள் மார்கழியில் ஓர் அமைதிக்குள் போய்விடும். கீழ்பென்னாத்தூரில் காலை எட்டு மணிவரை செஞ்சி சாலையில்கூட அரவம் குறைவு. அப்படி ஒரு வாரத்தில்தான் என் கொழுந்தனார் குடும்பம் நியூஜெர்சியிலிருந்து வந்தது, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. எனக்கோ ஒரு கட்டு ஒப்படைப்புத் தாள்கள். தலைப்பு நானே கொடுத்ததுதான்: 'வள்ளுவர் காட்டும் விருந்தோம்பலின் சிறப்பு'.

இரவு பத்தரைக்கு மேல், எல்லாரும் படுத்தபின், ஆறிய ரசத்தில் சோற்றைப் பிசைந்தபடி அவற்றைத் திருத்தினேன். ஒன்பதாம் அதிகாரத்தின் பத்துக் குறளையும் இருபது ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் அதிலுள்ள வினைகளின் விகுதிகளை எண்ணிப் பார்த்தேன். 83, 84 இரண்டிலும் ஓம்புவான். 85இல் மிசைவான். 86இல் பார்த்திருப்பான். பத்துப் பாட்டிலும் பெண்பாலாக வருவது ஒரே ஒருத்தி, செய்யாள். அவள் திருமகள், நல்ல விருந்து ஓம்புகிறவன் வீட்டில் மனமகிழ்ந்து குடியிருக்க வருகிறவள். அவளும் அடுப்படிக்கு வருவதாகத் தெரியவில்லை.

ஆன் விகுதி இருபாலுக்கும் பொதுவாய் நின்றது என்று இலக்கண ஆசிரியர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் 85ஆம் குறள், விருந்தினர் உண்டபின் எஞ்சியதை உண்பவனின் நிலத்துக்கு விதையும் இட வேண்டுமோ என்று கேட்கிறது. எஞ்சியதை உண்ணும் ஆணை என் வீட்டிலோ தெருவிலோ நான் பார்த்ததில்லை. உண்பவள் ஒருத்தி, நிலம் இன்னொருவர் பேரில். பட்டாவை எடுத்துப் பாருங்கள்.

தொல்காப்பியம் இந்த விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லாதது. கற்பியலில் விருந்து புறந்தருதலைக் கிழவோளின் மாண்புகளில் ஒன்றாகவே வைத்துவிடுகிறது. சுற்றம் ஓம்பலைத் தனியாகச் சொல்கிறது. விருந்து என்றால் புதுமை, உறவினர் விருந்தல்லர். வள்ளுவரும் விருந்தையும் ஒக்கலையும் வேறுவேறாகத்தான் எண்ணுகிறார். ஒன்பது ஆண்டு கழித்து வரும் கொழுந்தனார் இதில் எந்தக் கணக்கு? வேலைக்கு இரண்டு கணக்கிலும்தான். சிலப்பதிகாரத்தில் மதுரை இடைச்சேரியில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த நாளில் விருந்து எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்கிறாள். அவளுக்குக் கைகள் இருந்தன, பொருளும் கொஞ்சமாவது இருந்திருக்கும். கணவன் வீட்டில் இல்லை, அதனால் அவளால் விருந்தை ஏற்க முடியாது. உழைப்பு அவளுடையது, வாசலில் நின்று வாங்க என்று சொல்லும் உரிமை அவனுடையது.

நற்றிணை 120 பற்றி என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். வாழை இலையை அரிந்து, புகையில் கண் சிவந்து, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தபடி அடுப்படியில் நிற்கிறாள் ஒருத்தி. பரத்தையிடம் போய்வந்த கணவன், ஒரு விருந்தாளி வரக்கூடாதா என்று ஏங்குகிறான். வந்தால் அவள் கோபத்தைக் காட்டமாட்டாள், பல் தெரியச் சிரித்தாக வேண்டும். மாங்குடி கிழார் வரைந்த அந்த ஓவியத்தின் அழகை அப்போது வியந்து எழுதினேன். விருந்து அங்கே அவன் ஒளிந்துகொள்ளும் மறைப்பு என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விழுப்புரத்தில் ஒரு நூல் வெளியீட்டில் நான் பேசுவதாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. கூடத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது என் கணவர் மெதுவாகக் கேட்டார். "வீட்ல ஆளுங்க வந்திருக்காங்க. போய்த்தான் ஆவணுமா?" தனியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். நான் சிரித்தேன். பல் தெரிந்ததா என்று தெரியாது. போகவில்லை.

இதை என் ஓரகத்தி மேல் ஏற்றிவிட மனம் வந்தது. முதல் நாளே அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள், "நான் கழுவறேன்க்கா" என்று. "நீ விருந்தாளிம்மா, போய் உட்காரு" என்றார் மாமியார். நானும் அதையேதான் சொன்னேன். அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள். "அங்க யாரும் என்னை உட்காருன்னு சொன்னதில்லக்கா. வேலைக்கும் போயிட்டு வந்து, சமைச்சு, துணி மடிச்சு... ஒன்பது வருசத்துல இந்த வாரந்தான்." அதற்குப் பிறகு அவளை எழுப்பிவிட எனக்குக் கை வரவில்லை.

விருந்தோம்பலை அன்புடைமைக்குப் பின் வைத்ததற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார்: பிரியாத அன்புடைய இருவர் கூடினாலன்றி அது நடவாது. உரையாசிரியர்களில் அவராவது இருவர் என்று எண்ணினாரே என்று வகுப்பில் அவரைப் பாராட்டுவது என் வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வாரம் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, இரண்டு வேளையும் பின்கட்டுக் குழாயடியில், மார்கழித் தண்ணீரில். விரலிடுக்கில் வெடித்திருந்தது. அவரை ஒரு வேளை கூடுதலாக வரச் சொன்னது மாமியாரோ கணவரோ அல்ல. தாள் திருத்த நேரம் வேண்டுமென்று நான்தான் சொன்னேன். நான் அவ்வப்போது எழுதும் பெண்ணியக் கட்டுரைகளில் அவர் எங்கும் இல்லை, இதற்கு முன்.

தாள்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. முகர்ந்தால் வாடும் அனிச்சம் எல்லாவற்றிலும் வந்தது. ஒரு மாணவி மட்டும் ஐந்து குறளுக்கு விளக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் சேர்த்திருந்தாள்: எங்கள் வீட்டிற்கு விருந்தினர் வந்தால் நான் கல்லூரிக்கு விடுப்பு எடுப்பேன், என் அண்ணன் எடுப்பதில்லை. கேட்டதை மட்டும் எழுதுக என்று ஓரத்தில் குறிக்கப் போன பேனாவை நிறுத்தினேன். ஆகஸ்டில் அந்தப் பெண் கொடுத்த விடுப்புக் கடிதம் நினைவுக்கு வந்தது. காரணம்: ஊரிலிருந்து உறவினர் வருகை. 'காரணம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதி அதைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.