பிள்ளையின்மையும் கணவனும்: எழுதப்படாத ஓர் இல்லறம்

பிள்ளைப்பேறின்மையைப் பொருளாகக் கொண்ட படைப்புகளை நோக்கும் விமர்சகர் பலர், அவற்றில் பெண்ணின் கண்ணீரைக் கண்டு இரங்குவதோடு அமைந்துவிடுகின்றனர். அக்கண்ணீர் எத்தகைய சமுதாய உறவுகளிலிருந்து பிறக்கின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய வினாவாகும். அவ்வினாவை முதலில் இரு படைப்புகளிடமும், பின்னர் இக்கால இங்கிலாந்தின் மருத்துவ விதியொன்றிடமும் கேட்போம்.

ஸ்பானியக் கவிஞர் லோர்க்காவின் 'யெர்மா' என்னும் நாடகம் 1934இல் மட்ரிட் நகரில் மேடையேறியது. யெர்மா என்னும் சொல்லுக்கே தரிசு என்பது பொருள். அவள் கணவன் ஹுவானுக்கு நிலமும் மந்தையும் போதும். பிள்ளை வேண்டுமென்ற ஏக்கம் அவனிடம் இல்லை. பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் செல்லும் யாத்திரைத் தலத்திலே, தன் மகனோடு சேர்ந்து வாழுமாறு முதியவளொருத்தி யெர்மாவை அழைக்கின்றாள். குலமானத்தை எண்ணி யெர்மா மறுக்கின்றாள். இறுதியில் கணவனையே கொன்றுவிடுகின்றாள்.

2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலிலும் ஒரு திருவிழா வருகின்றது. காளி, பொன்னா என்னும் தம்பதியருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை. சுபகாரியங்களில் பொன்னா ஒதுக்கப்படுவதையும், வாரிசற்ற காணியை நோக்கி ஊரார் வீசும் சொற்களையும் ஆசிரியர் விரிவாகக் காட்டுகின்றார். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாளிரவில், முன்பின் அறியாத ஆடவனொருவனைக் கடவுளாகக் கருதிக் கூடும் வழக்கத்தை நாடிப் பொன்னா அனுப்பப்படுகின்றாள். இவ்வழக்கத்தைச் சித்திரித்தமைக்காகவே 2014ஆம் ஆண்டின் இறுதியில் நாவலுக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது.

யெர்மா மறுத்ததைப் பொன்னா செய்கின்றாள். எனினும் இரு படைப்புகளும் ஓருண்மையைச் சேர்ந்தே புலப்படுத்துகின்றன. அயலானின் வித்தை ஏற்க நிலவுடைமைச் சமுதாயம் அடியோடு மறுத்துவிடவில்லை. பிறக்கும் பிள்ளைக்குப் பெயர்கொடுக்க வீட்டில் ஒரு கணவன் இருக்கவேண்டும் என்பதே அதன் நிபந்தனை. காணியும் குலப்பெயரும் ஆண்வழியே இறங்குவதாலேயே இந்நிபந்தனை பிறந்தது. இவ்வுண்மையைக் கலையாக்கியமையே இரு ஆசிரியர்களின் வெற்றியுமாகும்.

ஆனால் வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. கணவனே இல்லாத இல்லறம் ஒன்று இன்று நம் முன் நிற்கின்றது. ஒருவரையொருவர் நேசித்துக் கூடிவாழும் இரு பெண்கள் பிள்ளை வேண்டுமென்கின்றனர். அவர்களுள் ஒருத்திக்குப் பி.சி.ஓ.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் சூலக நோய் இருக்கின்றது எனக் கொள்வோம். இது அரிய நோயன்று. உலகில் ஏறத்தாழப் பத்துப் பெண்களுள் ஒருவரிடம் காணப்படுவது. ஓமோன்களின் சமநிலை குலைவதால் முட்டை முதிர்ந்து வெளிப்படுவது தவறுகின்றது. மாதவிடாய் நாற்பது நாளுக்கொரு முறையோ, பல மாதங்களுக்கொரு முறையோ வருகின்றது. சூலகத்தில் தோன்றும் 'கட்டிகள்' எனப்படுபவையும் பெரும்பாலும் முதிராது நின்ற முட்டைப் பைகளே.

கணவனோடு வாழும் பெண்ணுக்கு இந்நோய் இருப்பின், முட்டையை முதிரச் செய்யும் மாத்திரையே பலவேளைகளில் போதுமாகின்றது; எஞ்சியது வீட்டில் நிகழும். இரு பெண்களுக்கு அவ்வாறன்று. விந்தினை வாங்கவேண்டும், முட்டை வெளிப்படும் நாளைக் கணிக்கவேண்டும், அந்நாளோ இந்நோயிற் கணிப்புக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இனி இங்கிலாந்தின் விதியைப் பார்ப்போம். நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட நெறிகளின்படி, கணவனுள்ள பெண் இரண்டாண்டுத் தாம்பத்தியத்தின் பின்னும் கருவுறாவிடின், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சைக்கு உரியவள். மற்றவளோ பன்னிரண்டு முறை செயற்கையாக விந்தேற்றிருக்கவேண்டும். அவற்றுள் ஆறேனும் கருப்பையினுள்ளே செலுத்தப்பட்டிருக்கவேண்டும். இம்முயற்சிகளின் செலவைத் தம்பதியரே ஏற்கவேண்டுமெனப் பல பிராந்தியச் சுகாதாரச் சபைகள் விதித்தன. தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு முயற்சிக்கே ஆயிரம் பவுணுக்கு மேற் செல்லும். ஒருத்தி தன் குறையை நாட்காட்டியால் நிறுவுகின்றாள். மற்றவள் பற்றுச்சீட்டுகளால் நிறுவவேண்டியிருக்கின்றது. இந்த மேலதிக நிபந்தனையை நீக்குவதாக 2022இல் இங்கிலாந்து அரசு அறிவித்தது. அறிவிப்பின் பின்னரும் மாற்றம் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் வேறுபட்டே நிகழ்ந்தது.

தந்தைமை பற்றிய சட்டத்திலும் இதே நிலையைக் காண்கின்றோம். 1990ஆம் ஆண்டுச் சட்டம், அயலானின் விந்தாற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் கணவனையே, அவன் அச்சிகிச்சைக்கு உடன்படாதிருந்தாலன்றி, தந்தையெனக் கொண்டது. சிகிச்சை அளிக்குமுன் பிள்ளைக்குத் தந்தை தேவையென்பதைக் கருத்திற் கொள்ளுமாறும் பணித்தது. அத்தொடர் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. இரு பெண்களும் சட்டப்படி பெற்றோராக ஏற்கப்படும் உரிமை 2009 ஏப்ரலிலேதான் நடைமுறைக்கு வந்தது. திருச்செங்கோட்டு வழக்கத்தின் நிபந்தனை இலண்டனில் சட்டமொழியில் எழுதப்பட்டிருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

இது மேல்நாட்டு மத்தியதர வர்க்கத்தாரின் பிரச்சினை, உழைக்கும் மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று நம் நண்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் அந்த ஆறு முயற்சிகளின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். வசதிபடைத்த இருவர் அதனைச் செலுத்திவிட்டு அடுத்த படிக்கு ஏறுவர். பஸ் சாரதியும் வைத்தியசாலைத் தாதியுமாகிய இருவர் அப்படியிலேயே நின்றுவிடுவர். பொதுச் சுகாதார சேவை என்பது தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற பேறு. அதன் வாயிலிற் காசு கேட்கப்படுமாயின் அது வர்க்கப் பிரச்சினையன்றி வேறென்ன?

இத்தனை நிகழ்ந்தும் இலக்கியம் எங்கே நிற்கின்றது? 2016இல் இலண்டன் யங் விக் அரங்கில் 'யெர்மா' இக்கால நகர வாழ்வுக்கேற்பத் திருத்தி நடிக்கப்பட்டது. புதிய மருத்துவம் கதையுள் வந்தது. கணவன் மட்டும் தன் பழைய இடத்திலேயே இருந்தான். தமிழிலும் மலடி என்ற சொல்லை எதிர்த்தெழுந்த கதைகள் பெரும்பாலும் கணவனின் குறையைச் சுட்டியே அவளை விடுவிக்க முயன்றன.

இரு பெண்களின் இல்லறமோ முற்றிலும் புதிய முரண்பாடுகளைக் கொண்டது. ஒருத்தியின் சூலகம் நோயுற்றிருக்க, மற்றவளின் கருப்பை நலமாயிருக்கலாம். "நீ சுமந்தால் என்ன?" என உறவினர் எளிதாகக் கேட்டுவிடுவர். தன் உடலாற் பெறவேண்டுமென்ற ஆசையை ஒருத்தி விட்டுக்கொடுப்பதா, தான் விரும்பாத கர்ப்பத்தை அன்பின் பொருட்டு மற்றவள் ஏற்பதா, சேமிப்பு எந்த மாதத்தில் தீரும் என்பன பெருநாவலொன்றின் பொருளாகத் தக்கவை. குலப்பெயரைக் காக்கும் கடமை அங்கில்லை. ஆகவே பிள்ளையின்மீது மனிதர் கொள்ளும் ஆசை எத்தகையது என்பதைச் சொத்துறவின் திரையின்றிக் காணும் வாய்ப்பு எழுத்தாளனுக்குக் கிடைக்கின்றது.

நம் நாட்டில் அத்தகைய நாவல் எழாமைக்கு அச்சமும் ஒரு காரணமாகும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அந்நியர் தந்தது. ஆனால் பெண்ணுக்கும் பெண்ணுக்குமிடையிலான உறவை அதன் 365அ பிரிவினுட் சேர்த்தது 1995இல் நமது பாராளுமன்றமே. இச்சூழலிற் பிள்ளையை விரும்பும் இருவர் தம் நோயை வைத்தியரிடம் கூறினும், தம் இல்லறத்தைக் கூறத் தயங்குவர். நம் வகுப்பறைகளிலும் அத்தயக்கத்தோடு இருக்கும் மாணவியர் இருக்கமாட்டார்கள் என நாம் எண்ணுவதற்கில்லை. முற்போக்கு எழுத்தாளர் தம் கதைகளில் அவர்களுக்கும் இடமளிக்க முன்வரவேண்டும். அவ்வாறு முன்வருவோரின் கதைகளை மஞ்சள் இலக்கியமென்று தள்ளிவிடாது, பொறுப்போடு படித்து மதிப்பிட விமர்சகராகிய நாமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.