பூனையின் தவம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே எலிகள். பூனை நிஜத் தபஸ்வியாகவே இருக்கட்டும். எலிகளுக்கு அது எப்படித் தெரியும்?

செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் ஆரம்பித்த பி.ஸி.ஜி. பரிசோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தக் கேள்விதான் எழுந்தது. ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சிலருக்கு க்ஷயரோகத் தடுப்பு மருந்து. சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 15 வருஷம் கவனித்து, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை மருந்து தடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் முதல் நெறிமுறை அறிக்கையே 1980-ல்தான் வந்தது. குழந்தைகளுக்கென்று தனி நெறிமுறை 2017-ல். ஏழு வயதானால் குழந்தையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்கிறது அது. நல்ல விதிதான். கைக்குழந்தையை என்னவென்று கேட்பது? அதன் சார்பில் கேட்கத்தான் வெளியாரும் அடங்கிய கமிட்டி இருக்கிறது. தகப்பனாரின் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கமிட்டி எழுந்துவிட்டால், அதுவும் தவம் செய்கிற பூனைதான்.