வெல்வெட்டில் மங்கும் பளபளப்பு

தோல் மேலாடையின் மடிப்பும் கைக்கடிகாரத்தின் மினுக்கமும் ஓவியத்திற்குரிய பொருளாகுமா? 1993இல் அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழும் ஓவியர் இசி வுட்டின் படைப்புகளை நோக்க, ஆகும் என்றே துணிகிறோம். ஏலப் பட்டியல்களின் நிழற்படங்களையும் இவர் மூலமாகக் கொள்வதுண்டு. அப்படங்கள் பொருளை விற்பதற்காகப் பளிச்சிடுபவை. வுட் தீட்டுகையில் அப்பளபளப்பு மங்குகிறது. கித்தானுக்கு மாற்றாக வெல்வெட்டைப் பல படைப்புகளில் அவர் கையாள்வதே இதற்குக் காரணம். துணியின் மென்மயிர் எண்ணெய் வண்ணத்தை ஏற்கும்போது விளிம்புகள் கூர்மை இழக்கின்றன. தோலின் சுருக்கமோ தொட்டறியத்தக்கதாய் எஞ்சுகிறது. இவ்வெதார்த்தத்தை நுகர்பொருள் வழிபாடு எனத் தள்ளுதல் பொருந்தாது. அது நம் ஆசையை நாமே ஐயுறச் செய்கிறது. ஆயினும், மங்கலே வழக்கமாகிவிடின் அவ்வையமும் வெறும் அழகூட்டலாய் முடியும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.