இதழாளர் உரையும் அளவையும்

புதுக்கருவிகளைப் பற்றி எழுதும் இதழாளரின் கூற்று எத்துணைக் கொள்ளத்தக்கது என்பதை அவர்தம் புகழ்கொண்டு துணிதல் பொருந்தாது. காண்டல், கருதல், உரை எனும் அளவைகளே ஈண்டும் துணையாவன.

சாம்சங் நிறுவனத்தின் மடிக்கும் தொலைபேசியாகிய கேலக்ஸி ஃபோல்டு, 2019 ஏப்ரலில் விற்பனைக்கு முன்பாக இதழாளர் சிலர்க்கு ஆய்வுக்கென வழங்கப்பெற்றது. அதன் திரை இரண்டே நாளிற் பழுதுற்றதெனப் புளூம்பர்க் இதழாளர் மார்க் குர்மன் தெரிவித்தார். திரைமேலிருந்த மெல்லிய காப்புறையை, அகற்றலாகாதென அறியாது தாம் உரித்துவிட்டதையும் உடன் கூறினார். இஃது அவருரையின் வலியைக் குறைக்கும் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தமக்கு மாறான செய்தியை அவர் மறையாது தந்தமையாலன்றோ கண்டது வேறு, காரணம் வேறு எனப் பகுத்துணரப் படிப்போர்க்கு இடமாயிற்று!

காப்புறையை உரிக்காத சி.என்.பி.சி.யின் ஸ்டீவ் கோவாக், தி வெர்ஜின் டீட்டர் போன் ஆகியோரின் கருவிகளும் பழுதுற்றன. ஒரே மூல ஏட்டைப் பார்த்தெழுதிய படிகள் பலவாயினும் சான்று ஒன்றே. இவர்தம் கூற்றுகளோ தனித்தனிச் சான்றுகள். எனினும், நூற்றுக்கு எத்தனை கருவி கெடும் எனக் கருதியறிய இவை போதா.

நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்தது. காப்புறையின் விளிம்பைச் சட்டத்தின் அடியிற் செலுத்தியும், கீலின் முனைகளுக்கு மூடியிட்டும் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டது. உரித்தவர் கூற்று, உரிக்காதவர் கூற்று ஆகிய இரண்டிற்கும் அத்திருத்தங்களில் விடை இருந்தது.