நோன்பு வைத்த மாப்பிள்ளை

எங்கள் மேலப்பாளையத்தில் பிள்ளை முதல் நோன்பு வைத்தால் நோன்புக் கஞ்சிக்கு இரண்டு வடை கூடக் கிடைக்கும். ஹைதராபாத்தில் அவனை மாப்பிள்ளையாகவே ஆக்கிவிடுகிறார்கள்! ஷெர்வானி என்ன, தொப்பி என்ன, கழுத்து கொள்ளாத மாலை என்ன! விசேஷத்தின் பெயர் ‘ரோஸா ரக்காயி’. ரோஸா என்றால் நோன்பு. எனக்கு என்னவோ ரோஜா என்றுதான் காதில் விழுந்தது. குடிமல்காபூர் பூச்சந்தையிலிருந்து வந்த மாலையும் ரோஜாவாகவே இருக்க, அப்படியே நம்பிவிட்டேன்.

போன ரமலானில் எட்டு வயது மகனுக்கு எங்கள் ஹைதராபாத் டோலிசௌக்கி வீட்டில் வைத்தோம். சஹருக்கு சைரன் ஊதியபோது துள்ளி எழுந்தவன், பதினோரு மணி வரை சிங்கம். லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் ஃப்ரிட்ஜ் பக்கமாகவே நடமாட்டம். மூன்று மணிக்குக் கண் கலங்கிவிட்டது. “முடியலன்னா விட்டுடு வாப்பா, உனக்கு இன்னும் கடமையில்ல” என்றேன். “நக்கோ!” என்றான். ஹைதராபாத்தின் தக்னி உருதுவில் ‘வேண்டாம்’. இந்த ஊர் அவனுக்கு முதலில் கற்றுக்கொடுத்த சொல்.

விஷயம் கேள்விப்பட்டு, நாங்கள் ஆபா என்று அழைக்கும் கீழ்வீட்டு அக்கா வந்தார், கையில் இரண்டு கம்பளி நூல் உருண்டைகளோடு. மதீனாவில் ஆஷூரா நோன்பன்று தாய்மார் பிள்ளைகளுக்கும் நோன்பு வைத்து, பசியில் அழுதால் கம்பளியில் செய்த பொம்மையைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும்வரை போக்குக் காட்டுவார்களாம். ருபைய்யிஃ என்ற சஹாபிப் பெண் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. எத்தனை பயான் கேட்டிருக்கிறேன், இது என் காதில் விழவே இல்லையே!

உட்கார்ந்துவிட்டோம். நாலு விரல் அகல அட்டையில் நூலை நூறு சுற்று சுற்றி, உருவி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கத்தரித்தால் புஸுபுஸுவென்று ஒரு பந்து. பெரிய பந்து உடம்பு, சின்னது தலை, தீக்குச்சிகள் கால். குதிரை! சின்னவள் அதற்கு றெக்கை வேண்டும் என்றாள். “குதிரைக்கு ஏது றெக்கை?” என்று அண்ணன்காரன் சிரிக்க, ஆபாவுக்கு வாயெல்லாம் பல். ஆயிஷா நாயகியின் விளையாட்டுச் சாமான்களில் றெக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததாம். நபிகளும் இதையேதான் கேட்டார்களாம். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு றெக்கை இருந்ததே என்று பதில் வர, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்களாம். பிறகென்ன, மஞ்சள் நூலில் இரண்டு றெக்கை.

தாயக்கட்டை உருட்டும் ஹஜ் விளையாட்டு, அரபு எழுத்துப் புதிர் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. நல்லவைதான். துஆ ஓதும் பொம்மை ஒன்று வாங்கினேன், இரண்டாம் நாளே ஊமையாகிவிட்டது. அந்தக் கம்பளிக் குதிரைக்கு எதுவும் உறை போடக் காணாது!

ஆறரை மணி வாக்கில் மறுபடி சைரன். மாலையும் கழுத்துமாக, நாற்பது பேர் பார்த்திருக்க, பேரீச்சம்பழத்தைக் கடித்தான். அந்த முகத்தை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

அடுத்தது சின்னவளின் ‘பிஸ்மில்லா’. நாலு வயது, நாலு மாதம், நாலு நாள் ஆனதும் பிள்ளையை அலங்கரித்து உட்காரவைத்து, ‘இக்ரஃ’ என்று தொடங்கும் வசனங்களைச் சொல்லவைத்து லட்டு வழங்குவார்கள். அக்பருக்கும் 1547இல் இதே கணக்கில்தான் பாடம் தொடங்க ஏற்பாடாம். ஹுமாயூன் சோதிடர்களை வைத்து நேரம் குறித்துக் காத்திருக்க, பையன் விளையாடப் போய்விட்டான். தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார் அக்பரின் வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல். அக்பர் கடைசிவரை எழுதப் படிக்கக் கற்காததற்கு இதுதான் காரணமோ என்னவோ!

ஆபா காலண்டரில் நாளைச் சுழித்துவிட்டார். பூக்காரரிடமும் சொல்லியாயிற்று. சின்னவள் ஓடி ஒளிந்தால் பிடித்துவரும் பொறுப்பு, குதிரையோடு சேர்த்து அண்ணனுக்கு.