தெருவுக்கு யார் சாட்சி? தமிழ் ராப் பற்றிச் சில குறிப்புகள்

சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் இறங்கி ஒரகடம் ரோட்டுக்கு வந்தால், ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்வரை நிற்கிற பையன்களைப் பார்க்கலாம். கழுத்தில் ஐ.டி. கார்டு, காதில் ஹெட்செட். சில வாரங்களுக்கு முன் அங்கே ஒரு டீக்கடையில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. ஒருவனுக்கு ஹிப்ஹாப் ஆதி, மற்றவனுக்குத் தெருக்குரல் அறிவு.

"ஆதி சினிமா ஹீரோடா, அவனுக்கு ஏதுடா தெரு?"

"ஒன் ஆளு மட்டும் என்னவாம், சினிமாவுக்குப் பாடித் துட்டு வாங்கலியா?"

இரண்டு பேரும் காண்ட்ராக்ட். எதிரெதிராகப் பேசினாலும் அளவுகோல் ஒன்றுதான்: துட்டு வாங்கினால் தெரு போய்விடும். சம்பளம் போதாமல் ஓவர்டைம் பார்க்கிறவர்கள் பாடகனுக்கு மட்டும் ஏன் இந்த நிபந்தனையை விதிக்கிறார்கள்? அவர்களை மட்டும் சொல்வானேன். 'தலித் அல்லாதார் தலித் இலக்கியம் எழுதலாமா' என்று 90களில் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டோமே, அதுவும் இதே விசாரணையின் வேறொரு வடிவம்தான். அன்று அது தேவையாக இருந்தது. யார் பேசுகிறார்கள் என்று கேட்காத விமர்சனம் மேல்சாதிக் குரலையே 'பொதுக்குரல்' என்று விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கேள்வி பிறகு யாரை நோக்கித் திரும்பியது என்பதுதான் நம் பிரச்சினை.

'ஸ்ட்ரீட் கிரெடிபிலிட்டி' என்கிற சொல்லாடல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே நம்பகம் ஒரு பிரச்சினையே இல்லை. பாடியவரும் ஆடியவரும் அக்கம்பக்கத்தார். இசைத்தட்டு தூரதேசம் போகத் தொடங்கிய பிறகுதான், முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு 'இது அசல் சரக்கு' என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. 2000இல் 50 சென்ட்டின் உடம்பில் ஒன்பது குண்டுகள் பாய்ந்தன. அந்தத் தழும்புகளே பிறகு விளம்பரமாயின. போதை வியாபாரியாகப் பாடிவந்த ரிக் ராஸ் ஒருகாலத்தில் சிறைக் காவலராக வேலை பார்த்தவர் என்று 2008இல் அம்பலமானது. மறு வருடமே அவருடைய ஆல்பம் விற்பனையில் முதலிடம் போனது. டிரேக்கோ தொலைக்காட்சித் தொடரில் நடித்துவிட்டு வந்தவர். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை ரசிகர்கள் சோதனையைத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். தளர்த்தாதவர்கள் அரசு வழக்கறிஞர்கள். கறுப்பு இளைஞர்களின் ராப் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி கோர்ட்டில் வாசிக்கிற வழக்கம் வளர்ந்து, அதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிஃபோர்னியா தனிச்சட்டமே போட்டது.

நம் கதைக்கு வருவோம். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பை எழுதியவர் இயக்குநர் ஷங்கர். அவருக்கும் பேட்டைக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ் பாஷை அப்போது சிரிக்க வைக்கிற சரக்கு. அதற்கு உரிமையாளர் தேவைப்படவில்லை. அடுத்து மலேசியாவின் யோகி பி. 90களில் பொயட்டிக் அம்மோ, 2006இல் நட்சத்ராவோடு 'வல்லவன்'. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர விளிம்புக்குத் தள்ளப்பட்ட ஒரு சமூகத்துக்குத் தமிழில் ராப் பாடுவதே ஒரு உரிமைக் குரல். இங்கே அது 'ஃபாரின் தமிழ்' என்கிற கவர்ச்சியாகத்தான் வந்து சேர்ந்தது. தமிழில் ராப் வருமா என்பதுதான் அன்றைய பரீட்சை. அதில் அவர் தேறினார். அவருடைய தெரு எது என்று நாம் விசாரிக்கவே இல்லை.

ஆதியின் தெரு கல்லூரி வாசல். 2011இல் பிரபலமான 'கிளப்புல மப்புல' குடிக்கிற பெண்ணுக்கு உபதேசம் செய்கிற பாட்டு. தெருமுனையில் நின்று போகிற வருகிற பெண்களை அளக்கிற கண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு தலைமுறையே அவரைத் 'தமிழன்' என்று ஏற்றுக்கொண்டது. ஜல்லிக்கட்டுக்காக அவர் செய்த 'டக்கரு டக்கரு' 2017 ஜனவரியில் மெரினாவில் ஒலிக்காத மூலை இல்லை. ஜனவரி 22ஆம் தேதி, போராட்டத்தில் தேசவிரோதக் குரல்கள் கேட்கின்றன என்று சொல்லி அவர் விலகினார். மறுநாள் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பத்து மீனவர்கள் அடிவாங்கினார்கள். மீன் மார்க்கெட் எரிந்தது. அன்று தெரு என்பது உருவகமல்ல. கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு அதன் விலை என்ன என்று தெரிந்தது. ஆனாலும் ஆதியிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. அதே வருஷம் அவர் நாயகனாக நடித்த 'மீசைய முறுக்கு' வந்து நன்றாகவே ஓடியது.

இரண்டு வருடம் கழித்து, 'தெருக்குரல்' ஆல்பத்தில், அதே வசையைத் தலைப்பாகவே எடுத்து 'ஆண்டி இண்டியன்' பாடினார் அறிவு. அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் குரல்களில் ஒருவர். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி'. அந்தப் பாட்டுக்கு மூலம் தன் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து உழைப்பாளி என்று அறிவு திரும்பத் திரும்பச் சொன்னார். அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அவர் மேடையில் இல்லை. வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இசை யாருடையது, எழுத்து யாருடையது என்று அவரும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு அறிக்கை விட்டார்கள். அந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டு அது.

இந்தத் தகராறில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கிறவன் தாத்தா பேர், பாட்டி ஊர் எல்லாம் சொல்ல வேண்டும். அறிவும் பாட்டியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. அழைத்த பிறகும் கேள்வி ஓயவில்லை: இவ்வளவு பேர் வந்த பிறகும் நீ தெருதானா? ஷங்கருக்கு வராத கேள்வி, ஆதிக்கு வந்தாலும் உறைக்காத கேள்வி, இவருக்கு மட்டும் சோற்றில் கைவைக்கிறது. 2024இல் தன் ஆல்பத்துக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். கோபமான தலைப்பு அது என்றே எனக்குப் படுகிறது.

வடசென்னையின் கானா இந்தச் சிக்கலை எப்படியோ தாண்டிவிட்டது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிறவரை அந்த வீட்டார்தான் கூப்பிடுகிறார்கள். செத்தவர் பேர், அவர் செய்தது, விட்டுப்போனது எல்லாம் பாட்டில் வர வேண்டும். பொய்யாகப் பாடினால் அழுதுகொண்டிருக்கிற பெண்களே முகம் சுளிப்பார்கள். அடுத்த சாவுக்கு அழைப்பு வராது. காசு வாங்குவது அங்கே குற்றமே இல்லை. ராப் பாடகன் தெருவைச் சாட்சிக்கு அழைக்கிறான். கானாவில் தெரு பாடகனை அழைக்கிறது. கானாவை ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் கூடாது. அழைக்கப்பட்டவர்கள் நெடுங்காலம் ஆண்கள்தான். இசைவாணி மேடையேறியபோது அந்தத் தெருவும் விழித்துத்தான் பார்த்தது. ஐயப்பன் பற்றிய பாட்டுக்காக, அது வந்து பல வருடம் கழித்து 2024 நவம்பரில் அவர் மீது பாய்ந்தவர்கள் வேறு தெருவிலிருந்து வந்தார்கள்.

இந்தக் காரிடாரில் அழைக்கிற தெரு எது? 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு 37 நாள் உட்கார்ந்தார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்த பிறகும் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தெருப்பேர் கிடையாது. லைன் வீடுகளில் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். பக்கத்து அறையில் கேட்பது போஜ்புரிப் பாட்டு. சொந்த ஊரில் தெரு உண்டு, அங்கே இவர்கள் இல்லை. இங்கே இருக்கிறார்கள், தெரு இல்லை. 'யார் அசல்' என்று டீக்கடையில் இவ்வளவு சூடாகச் சண்டை போடுவது அதனால்தானோ என்னவோ.

பஸ் வருவதற்குள் அந்த இரண்டு பேரிடமும் கேட்டேன், "ஒங்க ரூம்ல யாராச்சும் பாடுவாங்களா?"

"ஒரு ஒடிசாக்காரன் இருக்கான் சார். லைன்ல மெஷின் சத்தத்துக்குத் தாளம் போட்டு அவனா கட்டிப் பாடுவான். சூப்பர்வைசரத் திட்டுறான்னு நெனக்கிறோம்," என்றான் ஆதி ரசிகன்.

"திட்டலடா, அவங்க அம்மாவப் பத்திப் பாடுறான்," என்றான் மற்றவன். அதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பஸ் வந்துவிட்டது.