அச்சமா, நன்றியா? பேராயர் ஒயிட்ஹெட்டின் கிராம தெய்வ ஆய்வு: ஒரு மறுநோக்கு

நம் சபைகளின் பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் கிராம தெய்வ வழிபாடு பேசப்படும்போது, பெரும்பாலும் ஒரே விளக்கமே தரப்படுகிறது. மக்கள் அஞ்சுகின்றனர், ஆகையால் வணங்குகின்றனர் என்பதே அது. இவ்விளக்கத்திற்கு அறிவார்ந்த உருவம் தந்த நூல்களுள் ஒன்று, 1899 முதல் 1922 வரை சென்னைப் பேராயராகப் பணியாற்றிய ஹென்றி ஒயிட்ஹெட் 1916-இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் கிராம தெய்வங்கள்' என்னும் ஆங்கில நூலாகும். நூற்றாண்டு கடந்தும் அதன் கருத்து நம் நாவில் உயிரோடு இருத்தலின், அதனை மீண்டும் எடுத்து ஆராய்தல் தகும். ஆராய்ச்சிக்கு உரைகல்லாக, போடிநாயக்கனூர்ப் பகுதி மக்களும் ஏலமலைத் தோட்டத் தொழிலாளரும் நன்கறிந்த வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவைக் கொள்கிறோம்.

1. நூலின் தகுதி

தத்துவஞானி ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட்டின் தமையனாகிய பேராயர், கற்றோர் பலர் ஏறெடுத்தும் பாராத சிற்றூர்ச் சடங்குகளைப் பொறுமையோடு தொகுத்தார். சிவன், திருமால் வழிபாட்டினின்று கிராம வழிபாடு வேறுபடும் மூன்று இயல்புகளை அவர் சுட்டுகிறார். தெய்வங்களுள் பெரும்பாலானவை பெண் தெய்வங்கள். அவற்றுக்கு உயிர்ப்பலி இடப்படுகிறது. பூசாரிகள் பொதுவாகப் பிராமணரல்லாதார். பெருந்தெய்வங்கள் உலகப் பொதுவான ஆற்றல்களைக் குறிக்க, கிராம தெய்வங்கள் அம்மை, வாந்திபேதி, கால்நடை நோய் ஆகிய ஊர்த் துன்பங்களோடு இணைந்தவை என்பது அவர் முடிவு. பலியின் தொடக்கப் பொருள் தெய்வத்தோடு ஒன்றுபடுதலே என்றும், பின்னர் அது சினந்தணிக்கும் செயலாயிற்று என்றும் அவர் கருதுகிறார்.

இவற்றில் உண்மை உண்டு. எனினும், வழிபடுவோரின் சொந்தக் குரல் இந்நூலில் அரிதாகவே கேட்கிறது. இதனினும் இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே, 1713-இல், தரங்கம்பாடியில் பர்த்தொலொமேயு சீகன்பால்கு தென்னிந்திய தெய்வங்களின் வரலாற்றை எழுதியபோது, தமிழர்களுக்கே மடல் எழுதிக் கேட்டு, அவர்கள் தந்த மறுமொழிகளைப் பயன்படுத்தினார். அக்கையெழுத்துப்படி 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. கேட்டறியும் அம்முறை நம் மரபில் வேரூன்றாமற்போனது நமக்கு இழப்பே.

2. வீரபாண்டி காட்டுவது

தேனிக்கு அருகே, முல்லையாற்றின் கரையில் அமைந்தது இக்கோயில். கண்ணொளி இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கு வணங்கி மீண்டும் பார்வை பெற்றான் என்பது தலக்கதை. சித்திரைத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்னரே கம்பம் நடப்படுகிறது. மக்கள் ஆற்றிலே நீராடி, ஈர உடையோடு நீர் சுமந்துவந்து கம்பத்தின்மேல் ஊற்றுகின்றனர். தீச்சட்டி ஏந்துவோரும், ஆயிரங்கண் பானை எடுப்போரும், உடல் முழுதும் சேறு பூசி வருவோரும் உண்டு. போடிமெட்டு வழியே ஜீப்புகளில் ஏறிச்சென்று ஏலக்காய் பறித்துத் திரும்பும் பெண்களுக்கு, கூலி வாழ்வின் ஓட்டம் நின்று, தம் உடலையும் குடும்பத்தையும் தெய்வத்தின்முன் நிறுத்தும் நாட்கள் இவை.

இச்செயல்களுள் எது அச்சம், எது நன்றி? தீச்சட்டி ஏந்தும் தாய், பெரும்பாலும் பிள்ளை பிழைத்தபின் ஏந்துகிறாள். நேர்த்திக்கடன் என்னும் சொல்லே இதனைக் காட்டும். பெற்றதற்குச் செலுத்துவதே கடன்.

3. பெரியம்மை நீங்கிய பின்

ஒயிட்ஹெட்டின் கொள்கையை வரலாறே சோதித்துவிட்டது. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் முடிவுற்றது. 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் உலகெங்கும் ஒழிந்ததென அறிவித்தது. நோய்க்கு அஞ்சியதே வழிபாட்டின் முழுக் காரணமாயின், நோய் ஒழிந்தபின் மாரியம்மன் கோயில்கள் வெறுமையுற்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. வேறு நோய்களும் கவலைகளும் எஞ்சியுள்ளன என்று மறுமொழி கூறலாம். அது மெய்யே, அச்சம் அங்கு இல்லை என்று நாமும் சொல்லவில்லை. ஆயினும் அச்சம் ஒன்றையே திறவுகோலாகக் கொள்வோர்க்கு, வீட்டின் ஒரு கதவுதான் திறக்கும்.

இதே பள்ளத்தாக்கில் வேறொரு சான்றும் உண்டு. 1895-இல் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீரே இம்முல்லையாற்றை வளப்படுத்துகிறது. அவ்வணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் இவ்வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் மாட்டப்பட்டுள்ளது. பாலார்பட்டி மக்கள் அவர் பிறந்தநாளாகிய சனவரி 15-இல் பொங்கலிட்டு வணங்குகின்றனர். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. அவரிடம் அஞ்சத்தக்கது யாது? நீர் தந்தவரை நினைக்கும் நன்றியே அங்குப் பொங்குகிறது.

4. லீஸ்திராவின் பாடம்

பிற சமயத்தாரோடு உரையாடுதலுக்கு முன்மாதிரியாக, பவுலின் ஏதென்ஸ் உரையையே (அப். 17) நம் வகுப்பறைகள் பெரிதும் கற்பிக்கின்றன. தத்துவம் கற்றோர்க்கு அது பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கோ லீஸ்திராவுக்கு நெருங்கியது (அப். 14:8-18). அங்கு முடவன் ஒருவன் நடந்தான். மக்கள் அச்சத்தால் அன்று, மகிழ்ச்சிப் பெருக்கால், எருதுகளோடும் மாலைகளோடும் திரண்டனர். பவுலும் பர்னபாவும் தம் ஆடைகளைக் கிழித்து அவ்வழிபாட்டை மறுத்தனர்; வீணானவற்றை விட்டுத் திரும்புமாறும் அழைத்தனர். ஆயின் அடுத்து அவர்கள் பேசியது நரகத்தைக் குறித்தன்று. மழையும் விளைச்சலும் உணவும் மகிழ்ச்சியும் தந்தவர் யார் என்பதையே பேசினர். மக்களின் நன்றியை அவர்கள் இகழவில்லை. அது சேரவேண்டிய இடத்தைக் காட்டினர். மறுப்பும் மதிப்பும் ஒரே உரையில் அமைந்தமை கருதத்தக்கது.

5. நற்செய்தியின் கேள்விகள்

இவ்வாறு கூறுதல், திருவிழாவை அப்படியே ஏற்பதாகாது. நற்செய்தி அதனிடம் கேட்கும் கேள்விகள் உண்டு. அவை நம்மையும் கேட்பவை.

முதலாவது, நேர்ச்சை பேரமாக மாறும் இடர். யெப்தாவின் பொருத்தனை மகளின் உயிரைப் பறித்தது (நியா. 11), அன்னாளின் பொருத்தனையோ, பெற்ற மகனையே திரும்பக் கொடுக்கும் நன்றியாயிற்று (1 சாமு. 1). ஒரே சொல் இருவேறு உள்ளங்களைத் தாங்குகிறது. உபவாசக் கூட்டங்களில் காணிக்கைக்கு ஈடாக ஆசீர்வாதம் உறுதியளிக்கப்படும் இந்நாட்களில், பேரம் கோயிலில் மட்டுமே நடைபெறுகிறது என்று நாம் சொல்ல இயலுமா?

இரண்டாவது, 'ஊர்' என்பதன் எல்லை. திருவிழா ஊரை ஒன்றாக்குகிறது என்பர், எந்த ஊரை? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 சூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போடி வட்டாரமே 1989-இல் சாதிக் கலவரத்தால் புண்பட்டது. பலிச் சடங்குகளில் தாழ்த்தப்பட்டோர்க்குரிய பங்கை ஒயிட்ஹெட் குறித்துள்ளார். சடங்கில் இடம்பெற்றோர் தெருவில் இடம்பெறாமையை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. நாமும் இதனைக் கேட்குமுன், சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் கல்லறைத் தோட்டங்களை நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, படைத்த உணவு. அண்டை வீட்டுப் பொங்கலை உண்ணலாமா என்று நம் சபையார் ஆயரைக் கேட்கின்றனர். விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற பவுலே (1 கொரி. 8), பேய்களோடு பங்காளிகளாகாதீர் என்றும் எச்சரிக்கிறார் (1 கொரி. 10). ஒரு வசனத்தை மட்டும் எடுத்து அண்டை வீட்டாரைப் பேய்க்கு உரியவராகத் தீர்ப்பது திருமறைக்கு நேர்மையாகாது. பலிபீடத்தில் பங்குகொள்ளுதல் வேறு. விருந்தோம்பும் இல்லத்தில் பிறர் மனச்சாட்சியைக் கருதி உண்ணுதலும் தவிர்த்தலும் வேறு. பவுல் வகுத்த இவ்வேறுபாட்டைச் சபையார்க்குக் கற்பித்தல் ஆயரின் கடமை.

ஏலமலைச் சபைகளில் ஊழியம் செய்வோர்க்கு இது ஏட்டளவான ஆய்வன்று. அவர்களுடைய மந்தையில் பலருக்கு, தீச்சட்டி ஏந்தும் அக்காளும் கம்பத்திற்கு நீர் ஊற்றும் தாய்மாமனும் உளர். அஞ்சுவோரே என்று எண்ணி அவர்களிடம் நாம் பேசினால், நன்றியோடு வந்தவர் நம் சொல்லைக் கேட்கமாட்டார். தம்மைக் குறித்து அது பேசவில்லை என்று அறிவார். ஒயிட்ஹெட்டின் நூலை இறையியல் மாணவர் படிக்கட்டும். உடன் சீகன்பால்குவின் கேட்கும் முறையையும் கற்கட்டும். கேட்டறிந்தபின் கிறிஸ்துவை அறிவிப்போமாக. மழை தந்தவர் யாரென்று சொல்லும் நற்செய்தி, மழையைக் கொண்டாடும் மக்களுக்கு அந்நியமானதன்று.